சுவரோர மேஜைக்கு ஒரு ஹெட்செட்

ஸ்டைன்விக்
செப்டம்பர் 5

அன்புள்ள தம்பி யூஸ்தைனுக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். பூனையும் நல்லாயிருக்கு, உன் கட்டில்ல படுத்துக்கிட்டு உன்னையே மறந்துட்டுது. உன் உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கத்தான் வாரா வாரம் ஜெயிலுக்கு போன் பண்றேன். "உங்க தம்பி பேச வரமாட்டேங்கிறார்"னு ஒரு காவலர் பொண்ணு ரொம்ப மரியாதையா சொல்றா. சரிதான் போடா. போனுக்கு வராம இருக்கலாம், கடிதத்தை எப்படித் தடுப்பே?

விஷயத்துக்கு வர்றேன். நேத்து ஸ்கூல்ல கூட்டம். குளிர்கால லீவுல ஊர்ப் பசங்க எல்லாரும் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து ஜிம் ஹால்ல மூணு நாள் விளையாடுவீங்களே, அந்த ஏற்பாட்டுக்கு. நான் வழக்கம்போல வாஃபிள் சுடப் பேர் கொடுக்கத்தான் போனேன். ஓட்வார்தான் இந்த வருஷமும் கமிட்டித் தலைவர். கைத்தடியை ஊனி எழுந்து நின்னு, "சுவரோர மேஜையைக் காத்திருக்கிற வேற டீமுக்குக் கொடுத்துடலாம்"னார். உன் மேஜைடா அது. பதினாறு வயசுல நீயும் ஸிந்ரேயும் பிடிச்ச மேஜை. "அந்த டீமை ஆரம்பிச்சவன் குடிச்சுட்டு காரோட்டி, பஸ் ஸ்டாப்பை இடிச்சு, என் காலையும் உடைச்சுட்டு ஜெயில்ல இருக்கான். அவன் பேர் அங்க எதுக்கு?"ன்னு கேட்டார்.

அவர் கேட்டதுல தப்பில்ல. உனக்காகக்கூட அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா ஹாலுக்குன்னு ஒரு விதி இருக்கே. தொடக்க நாள் காலையில அஞ்சு பேர் அஞ்சு கம்ப்யூட்டரோட உட்கார்ந்திருந்தா மேஜை அந்த டீமுக்கு. ஒரு ஆள் குறைஞ்சா வரிசையில அடுத்தவங்களுக்கு. ஸிந்ரேயும் மத்த மூணு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு தரையைப் பாத்தாங்க. எனக்கு வந்துதே ஒரு கோபம்! கையைத் தூக்கி, "அஞ்சாவது ஆள் நான்"னுட்டேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். நாற்பத்தாறு வயசுல பஸ் ஓட்டுறவ விளையாடக் கூடாதுன்னு எங்கேயும் எழுதியில்ல, நானே விதிமுறையை வாங்கிப் படிச்சுப் பாத்தேன்.

இப்போ எனக்கு ஒரு ஹெட்செட் வேணும். உன்னோடது அன்னைக்கு கார்லயே நசுங்கிப் போச்சு. நான் கண்ணாடி போடுறவ, கொண்டை வேற. கம்பளித் தொப்பி கொஞ்சம் இறுக்கினாலே எனக்குக் காது வலிக்கும். எழுநூறு குரோனருக்கு மேல ஒரு காசு தரமாட்டேன். எதை வாங்கட்டும், சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ரன்வெய்க்


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒண்ணுமில்ல. பகல்ல மரப்பட்டறையில வேலை. சாப்பாடு பரவாயில்ல, மீன் உருண்டையை மட்டும் எதுல செய்யறாங்கன்னு தெரியல. உனக்கு முதுகு வலி எப்படி இருக்கு?

மேஜையை விட்டுடு. ஓட்வார் சொல்றது சரி. ஏற்கெனவே என்னால நீ தினம் அந்த பஸ் ஸ்டாப்புல வண்டியை நிறுத்தி எல்லார் முகத்தையும் பாக்கறே. ஹால்ல வேற போய் உட்கார்ந்து ஊர் சிரிக்கணுமா? போதும்க்கா.

ஹெட்செட் எல்லாம் ஒண்ணும் வேண்டாம்.

யூஸ்தைன்

பி.கு.: அப்படியே வாங்கினாலும், காதோரம் கலர் கலரா லைட் எரியுமே, அதை வாங்கித் தொலைக்காதே. கொடுக்கிற காசு பூரா லைட்டுக்குத்தான் போகும்.


ஸ்டைன்விக்
செப்டம்பர் 27

அன்புத் தம்பிக்கு,

முதுகு வலி அப்படியேதான் இருக்கு, விசாரிச்சதுக்கு சந்தோஷம். உன் கடிதத்துல பி.கு.வை மட்டும் படிச்சேன். மேல இருந்தது கண்ணுக்குத் தெரியல.

டவுனுக்குப் போய் கடையில பாத்துட்டேன். ஒரு சுவர் பூரா ஹெட்செட்டா மாட்டி வச்சிருக்கான். கடைப்பையன் என்னைப் பாத்ததும், "மகனுக்கா?"ன்னான். "எனக்குத்தான்"னேன். அப்புறம் அவனுக்கு என்கிட்ட எப்படிப் பேசறதுன்னே தெரியல பாவம். கடைசியில ஒண்ணை எடுத்துக் காட்டினான். ஒயரே கிடையாதாம். மேல பூனைக் காது மாதிரி ரெண்டு நிக்குது, ரோஜாக் கலர்ல எரியுது. பெட்டியில ஏழு திசையில சத்தம் வரும்னு போட்டிருக்கு. விலைதான் கூடுதல், ஆனா தள்ளுபடி தர்றேங்கறான். எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

அடுத்த வாரக் கடைசியில போய் வாங்கிடப் போறேன். உனக்கு ஏதாவது சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லு. இல்லன்னா பூனைக் காதுதான்.

கழுத்துக்குத் துணி சுத்திக்கோ, குளிர் வந்துடுச்சு.

அக்கா


அக்டோபர் 2

அக்கா,

ஐயோ, வாங்கிட்டியா? வாங்கியிருந்தா பெட்டியைக் கிழிக்காம திருப்பிக் கொடு. நல்லாயிருக்கியான்னு அப்புறம் கேக்கறேன்.

ஒயர் இல்லாதது நம்ம ஹாலுக்கு ஆகவே ஆகாது. அத்தனை பேர் ஒரே கூரைக்குக் கீழ உட்கார்ந்தா எல்லாரோட சிக்னலும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும், கரகரன்னு அறுந்து அறுந்து கேக்கும். அதனாலதான் கமிட்டி தடை போட்டிருக்கு. சார்ஜ் வேற நடு ஆட்டத்துல தீரும். ஒயர் வச்சது சொருகினா வேலை முடிஞ்சது. விலையும் பாதிதான். அந்த ஏழு திசைக் கதையை நம்பாதே. உனக்கு இருக்கிறது ரெண்டு காது, ரெண்டு பக்கம் ஒழுங்கா கேட்டாப் போதும், எவன் எந்தப் பக்கம் நடக்கிறான்னு தெரிஞ்சுடும்.

இப்போ சுகத்துக்கு வருவோம். முதல்ல எடை. கையில வாங்கும்போது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கணும். காலையில லேசாத் தெரியறது சாயங்காலம் கழுத்தை ஒடிச்சுடும். காது மேல உட்காரற ரகம் வேண்டாம், காதையே முழுசா உள்ள வாங்கிக்கிற ரகம் வேணும். மெத்தை துணியில இருக்கட்டும். ரெக்ஸின் வேர்த்துப் பிசுபிசுக்கும், ரெண்டே வருஷத்துல உரிஞ்சு கன்னம் பூரா கறுப்பு ஒட்டும். நீ கண்ணாடி போடறதால மெத்தை நல்லா அமுங்கணும், கண்ணாடிக் காம்பு அதுக்குள்ள புதையணும், உன் நெத்திப் பொட்டுல குத்தக் கூடாது. மைக்கை மேல தூக்கினா சத்தம் நிக்கிற மாதிரி இருந்தா நல்லது, ஏன்னா உனக்கு வாய் நிக்காது.

கடையிலயே மாட்டிக்கிட்டு ஒரு காபி குடிக்கிற நேரம் நில்லு. மாட்டின உடனே எல்லாமே சுகமாத்தான் இருக்கும், கடி அப்புறம்தான் தெரியும். வெட்கப்படாம நில்லு. வீட்டுக்கு வந்ததும் உன் தலையை விடக் கொஞ்சம் அகலமா புத்தகத்தை அடுக்கி, அது மேல ரெண்டு ராத்திரி மாட்டி வை. இறுக்கம் விட்டுடும்.

எழுநூறுக்குள்ள உருப்படியா ரெண்டுதான் இருக்கு, ரெண்டும் எல்லாக் கடையிலயும் கிடைக்கும். ஒண்ணு சின்னது, கறுப்பு, லேசா இருக்கும். இன்னொண்ணு சாம்பல் கலர், கிண்ணம் பெரிசு, பட்டையை நீளமா இழுக்கலாம். அது என்னை மாதிரி காட்டுமான் தலை இருக்கிறவங்களுக்கு. நீ சின்னதை வாங்கு. பெரிசு உன் தலையில நிக்காது.

இவ்வளவு எழுதினதால நீ விளையாடறதுக்கு நான் சம்மதிச்சுட்டேன்னு அர்த்தமில்ல.

நல்லாயிருக்கியா?

யூஸ்தைன்


ஸ்டைன்விக்
அக்டோபர் 16

அன்புத் தம்பிக்கு,

நல்லாயிருக்கேன்! ஆறு பக்கம் எழுதியிருக்கேடா. ஒரு கல்யாணத்துக்கு வாழ்த்துரை எழுதித் தரச் சொன்னப்போ நாலு வரி எழுத மாட்டேன்னவன் நீ. சமையல்கட்டுல நின்னுக்கிட்டே ரெண்டு தடவை படிச்சேன். காபி பொங்கி அடுப்பெல்லாம் ஆயிடுச்சு.

வாங்கிட்டேன். நீ சொன்ன ரெண்டுல ஒண்ணுதான், பயப்படாதே. கடையில மாட்டிக்கிட்டு நின்னேன், நீ சொன்ன மாதிரி. அங்கயே ஒரு நாற்காலி கிடந்தது, உட்கார்ந்துட்டேன். நான் கையோட கொண்டுபோன ஃபிளாஸ்கைத் திறந்து காபியும் ஊத்திக்கிட்டேன். கடைப்பையன் வந்து, "அம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?"னான். "கடிக்கிற வரைக்கும்"னேன். வீட்டுல அம்மாவோட சமையல் புத்தகத்தையும் என் போக்குவரத்து விதிப் புத்தகத்தையும் அடுக்கி அதுமேல மாட்டி வச்சிருக்கேன். பூனை அதைப் பாத்து சீறுது.

உன் பழைய கம்ப்யூட்டரை ஸிந்ரே வந்து மாட்டிக் கொடுத்தான். விளையாட ஆரம்பிச்சேன். அஞ்சு பேர் இந்தப் பக்கம், அஞ்சு பேர் அந்தப் பக்கம், சுட்டுக்கணும். நான் எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள செத்துப் போயிடறேன். செத்த பிறகு ரொம்ப நல்லா விளையாடறேன், யார் எங்க ஒளியறான்னு எல்லாம் எனக்குத் தெரியுது.

பஸ் ஸ்டாப்புக்குப் புதுக் கூரை போட்டுட்டாங்க. பசங்க இப்போ நனையறதில்ல.

மார்ச்ல உன்னை விடறாங்களே, நேரா வீட்டுக்குத்தானே வர்றே? உன் ரூமுக்குப் பெயின்ட் அடிக்கலாம்னு இருக்கேன். என்ன கலர்னு எழுது.

அக்கா


ஸ்டைன்விக்
நவம்பர் 20

தம்பி,

நான் நல்லாயிருக்கேன். நீ நல்லாயிருக்கியான்னு கேட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

தினம் தபால் பெட்டியைத் திறந்து பாக்கறேன், மளிகைக் கடை விளம்பரம்தான் வருது. கோபம் வந்து ரெண்டு கடிதம் எழுதிக் கிழிச்சேன். ஒரு சாதாரண கேள்விதானே கேட்டேன்? பெயின்ட் கலர் கேக்கறது அவ்வளவு பெரிய குத்தமா?

சரி, கேக்கல. விடு.

ஹெட்செட் விஷயம் மட்டும் கேக்கறேன், அதுக்காவது வாயைத் திற. எனக்கு எல்லாம் கேக்குது. நான் பேசறது மட்டும் ஒருத்தனுக்கும் கேக்கல. ஒரு வாரம் பூரா தொண்டை கிழிய "வர்றான், வர்றான்"னு கத்தியிருக்கேன், ஸிந்ரே என்னடான்னா, "ஏன்க்கா நீங்க பேசவே மாட்டேங்கறீங்க, எங்க மேல கோபமா?"ங்கறான். ஒயர் நுனி ஒண்ணுதான் இருக்கு, கம்ப்யூட்டருக்குப் பின்னால ஓட்டை ரெண்டு இருக்கு. பச்சையில சொருகியிருக்கேன். அப்புறம் குனிஞ்சா ஹெட்செட் மூக்கு வரைக்கும் வழுக்கி வருது. என்ன பண்ணட்டும்?

சூரியன் நேத்தோட மலைக்குப் பின்னால போயிடுச்சு, இனி பிப்ரவரியிலதான் தலை காட்டும். விட்டமின் மாத்திரை தர்றாங்களா அங்க?

அக்கா


நவம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை தர்றாங்க. நான் நல்லாயிருக்கேன். எழுதாததுக்கு மன்னிச்சுக்கோ.

உன் ஹெட்செட்டோட ஒரே நுனியில காதுக்கும் மைக்குக்கும் சேர்த்தே ஒயர் இருக்கு. என் கம்ப்யூட்டர் பழசு, அதுல ரெண்டும் தனித்தனி. ஒண்ணை ரெண்டாப் பிரிக்கிற குட்டி ஒயர் ஒண்ணு பெட்டிக்குள்ள அட்டைக்கு அடியில இருந்திருக்கும். நீ அட்டையோட சேர்த்துக் குப்பையில போட்டிருப்பே, எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. கடையில கேளு, காபி விலைதான். பச்சை காதுக்கு, ரோஜா மைக்குக்கு.

வழுக்குதா? சின்னதுக்குத்தானே நான் சொன்னேன், அது எப்படி வழுக்கும்? பட்டையை இழுத்தா பல் பல்லா டிக் டிக்னு நிக்குமே, எத்தனாவது பல் வரைக்கும் இழுத்திருக்கே? எனக்குத்தான் கடைசிப் பல் வரைக்கும் போகணும், உனக்கு ரெண்டாவதே போதுமே.

அக்கா, ஓட்வாருக்குக் கால் எப்படி இருக்கு?

யூஸ்தைன்


ஸ்டைன்விக்
டிசம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

பார்சல்ல கம்பளிக் காலுறை, லெஃப்ஸ ரொட்டி, பழுப்பு சீஸ் எல்லாம் இருக்கு. காவலருங்க எடுத்துக்காம உன் கைக்கு வந்து சேர்ந்ததான்னு எழுது. கிறிஸ்துமஸுக்கு உன் தட்டையும் மேஜையில வைப்பேன். வேண்டாம்னு எழுதாதே, வைப்பேன்.

குட்டி ஒயர் வாங்கிட்டேன். இப்போ நான் பேசறது எல்லாருக்கும் கேக்குது. "அக்கா, கொஞ்சம் மைக்கைத் தூக்குங்க"ன்னு கெஞ்சறாங்க. வழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதே, பட்டைக்கு அடியில கம்பளி வச்சுத் தைச்சுட்டேன்.

ஒரு வேடிக்கை கேளு. ஆட்டத்துல இடத்துக்கெல்லாம் ஏதேதோ பேர் வச்சிருக்காங்க, எனக்கு வாயில நுழையல. நான் என் ரூட்டுல இருக்கிற ஸ்டாப் பேரையே வச்சுட்டேன். கிடங்கு இருக்கே, அது மீன் ஆலை. படிக்கட்டு, சர்ச் மேடு. பாலம், படகுத்துறை. பஸ்ஸுல மைக்ல சொல்ற மாதிரியேதான் சொல்றேன். "அடுத்த நிறுத்தம் மீன் ஆலை, ரெண்டு பேர் ஏறுறாங்க, கதவுக்கிட்ட நெருக்காதீங்க." நம்ம டீம்ல எல்லாரும் சின்ன வயசுல என் பஸ்ஸுல போனவங்கதானே, சொன்ன உடனே பிடிச்சுக்கறாங்க. நேத்து முதல் தடவையா ஜெயிச்சோம். நான் செத்துக்கிட்டேதான் இருந்தேன், ஆனா ஜெயிச்சோம்.

ஓட்வார் காலைப் பத்திக் கேட்டியே. எலும்பு கூடிடுச்சு, முட்டி மடங்கலை. செவ்வாய்க்கிழமைதோறும் கால் பயிற்சிக்கு என் பஸ்ஸுலதான் டவுனுக்குப் போய்ட்டு வர்றார். எனக்குப் பின்னால முதல் சீட். ஏறும்போது தலையாட்டுவார், இறங்கும்போது தலையாட்டுவார். நடுவுல ஒரு வார்த்தை கிடையாது. கண்ணாடியில அவர் முகம் தெரியுது எனக்கு. நானா போய் என்னத்தைப் பேசறது? பேச வேண்டியவ நான் இல்ல.

அக்கா


ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. ரொட்டியை ஒரே நாள்ல முடிச்சுட்டோம். காலுறை போட்டுக்கிட்டுத்தான் எழுதறேன். உடம்பு நல்லாயிருக்கு.

இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். நீ அக்டோபர்ல கேட்டதுக்கு அப்பவே பதில் எழுதி, அனுப்பல. ஸ்டவாங்கர்ல ஒரு மரப்பட்டறையில எனக்கு வேலை சொல்லி வச்சிருக்காங்க, தங்க ரூமும் கொடுக்கறாங்க. மார்ச்ல இங்கிருந்து நேரா அங்க போயிடறேன். தெற்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

ஊருக்கு வந்தா அந்த பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தானே வீட்டுக்கு வரணும். கோர்ட்டுல ஓட்வார் என்னையே பாத்துக்கிட்டிருந்தார். நான் மேஜையைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை அவர் எதிர்ல நிக்க என்னால முடியாதுக்கா. சத்தியமா முடியாது.

அதனால சுவரோர மேஜையைக் காப்பாத்தி ஒண்ணும் ஆகப் போறதில்ல. காத்திருக்கிற பசங்களுக்கே விட்டுடு. நீ இவ்வளவு பண்ணினதே போதும். ரூமுக்குப் பெயின்ட் அடிக்காதே.

யூஸ்தைன்


ஸ்டைன்விக்
பிப்ரவரி 25

தம்பி யூஸ்தைனுக்கு,

சௌக்கியமா இருக்கேன், தொண்டை மட்டும் கட்டிப் போச்சு. உன் ஸ்டவாங்கர் கடிதத்துக்கு அப்பவே பதில் போட்டிருந்தா வாயில வந்ததை எழுதியிருப்பேன், உங்க காவலர் பொண்ணு படிச்சுட்டு மயங்கி விழுந்திருப்பா. அதான் ஆறட்டும்னு விட்டேன். இன்னும் ஆறலை.

மேஜையை விட்டுடுன்னே. விடல.

தொடக்க நாள் காலையில ஸிந்ரேயோட தள்ளுவண்டியில உன் கம்ப்யூட்டரை ஏத்தி ஹாலுக்குத் தள்ளிட்டுப் போனேன். வாஃபிள் சுடற பொம்பளைங்க எல்லாம் கரண்டியைப் பிடிச்சபடியே என்னைப் பாத்தாங்க. "அடுத்த ஷிஃப்டுக்கு வர்றேன், மாவைத் தீத்துடாதீங்க"ன்னு சொல்லிட்டு, நேரா சுவரோர மேஜைக்குப் போய் உன் நாற்காலியில உட்கார்ந்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கிட்டேன். வரிசையில அடுத்து இருந்த பசங்க ஒயரை எல்லாம் சுருட்டிக் கையில வச்சுக்கிட்டு பக்கத்துலயே நின்னாங்க. பாவமாத்தான் இருந்தது. ஆனா நகரல.

ஓட்வார் கைத்தடியோட மேஜை மேஜையா தலை எண்ணிக்கிட்டு வந்தார். நம்மகிட்ட வந்து நின்னார்.

"ரன்வெய்க், இது விளையாட்டில்ல"ன்னார்.

"நானும் விளையாட்டுக்கு உட்காரல"ன்னேன்.

"அவன் இடத்துல நீ உட்கார்ந்துட்டா, அவன் பண்ணினது இல்லன்னு ஆயிடுமா?"

"ஆகாது. உங்க முட்டியும் மடங்காது. தினம் அந்த ஸ்டாப்புல வண்டியை நிறுத்துறவ நான், எனக்கு அது மறக்குமா? நான் அவனுக்கு மன்னிப்பு கேக்க வரல ஓட்வார். அது அவன் கேக்க வேண்டியது. ஆனா அவனுக்குன்னு இங்க ஒரு இடம் இல்லன்னா அவன் வரவே மாட்டான். எங்கேயோ தெற்கே போய் ஒளிஞ்சுக்குவான். கடைசி வரைக்கும் உங்க முகத்தைப் பாக்காமலே இருந்துடுவான். அது உங்களுக்குப் பரவாயில்லையா?"

ஹால்ல அந்தப் பக்கம் இருந்தவங்க பூரா திரும்பிப் பாத்தாங்க. ஹெட்செட் காதுல இருந்ததால நான் கத்திப் பேசிட்டேன் போல. 

அவர் கைத்தடியை இன்னொரு கைக்கு மாத்திக்கிட்டார். அப்புறம் மெதுவா, "ஒரு வார்த்தை கூட என்கிட்ட சொல்லலை அவன். மன்னிச்சுக்கச் சொல்லி கோர்ட்டுல வக்கீல்தான் படிச்சார். ஒரு வருஷமா நான் அதுக்குத்தான் காத்திருக்கேன். காலுக்காக இல்ல"ன்னார். குரல் உடைஞ்சு போச்சுடா அவருக்கு. அந்த மனுஷன் குரல் உடைஞ்சு நான் கேட்டதே இல்ல.

"வருவான்"னேன். என்ன தைரியத்துல சொன்னேன்னு எனக்கே தெரியல.

"நான் மன்னிக்கல"ன்னார்.

"யாரும் மன்னிக்கச் சொல்லல"ன்னேன்.

"அஞ்சு நாற்காலி, அஞ்சு ஆள். இல்லன்னு சொல்ல எனக்கு விதி கிடையாது"ன்னுட்டு, கைத்தடியால நம்ம மேஜையை ஒரு தட்டு தட்டிட்டு அடுத்த மேஜைக்குப் போயிட்டார். காத்திருந்த பசங்களுக்கு மேடைப் பக்கம் ஒரு மேஜையை அவரே இழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அப்புறம் விளையாடினோம். பக்கத்து ஊர்க்காரனுங்க எங்களுக்கு எதிர்ல. நான் "சர்ச் மேட்டுல ரெண்டு பேர், படகுத்துறையில ஒருத்தர் இறங்கறார்"னு கத்தறேன், அவனுங்களுக்கும் காதுல விழுது, ஒண்ணும் புரியல, முழிக்கறானுங்க. அவங்களை அடிச்சுட்டோம். அதுக்கு அடுத்த ஆட்டத்துல செமத்தியா தோத்தோம். எத்தனை தடவை செத்தேன்னு கேக்காதே. கடைசி நாள் ஹாலே என்னை "பஸ் அக்கா"ன்னு கூப்பிட்டுது. சிரிச்சாங்கதான், ஆனா அது வேற சிரிப்பு.

ஹெட்செட் பத்திச் சொல்லணும். எடை ஒண்ணுமே தெரியல. காது வேர்க்கல, கண்ணாடிக் காம்பு குத்தல. நீ சொன்னது எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணு, மூணு நாளும் அது என் தலையில வழுக்கிக்கிட்டே இருந்தது, கம்பளி வச்சும் நிக்கல. ஏன்னு உனக்குப் புரிஞ்சிருக்குமே. நான் வாங்கினது சாம்பல் கலர். பெரிசு. கடையில அன்னைக்கு ரெண்டையும் கையில எடுத்துப் பாத்தேன். சின்னது எனக்கு அப்படியே பொருந்திச்சு, அதை வச்சுட்டு இதை வாங்கினேன். மூணு நாள் உட்காரப் போறவளுக்கு எதுக்குடா ஹெட்செட்? வருஷா வருஷம் உட்காரப் போறவனுக்குத்தான் வாங்கினேன்.

அதை நான் அனுப்ப மாட்டேன். ஸ்டவாங்கருக்குத் தபால் போடற எண்ணமே எனக்கு இல்ல. நீ வர்ற வரைக்கும் நானே மாட்டிக்குவேன். அடுத்த வருஷமும் அதே நாற்காலியில உட்காருவேன், அதுக்கு அடுத்த வருஷமும். மூக்கு வரைக்கும் வழுக்கினா வழுக்கட்டும், ஊர் பாக்கட்டும். உனக்கு அது அவமானமா இருந்தா நீயே வந்து என் தலையிலேர்ந்து கழட்டிக்கோ.

சூரியன் திரும்பி வந்தாச்சு. அதுக்குன்னு வருஷா வருஷம் சுடற ஜாம் வச்ச சூரிய பன்னைச் சுட்டேன், உன் பங்கு ஃபிரீஸர்ல இருக்கு. ரூமுக்கு நீலம் அடிச்சுட்டேன்.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லாயிருக்கேன். ராத்திரி தூக்கம் இல்ல, அவ்வளவுதான். தொண்டைக்கு வெந்நீர் குடி.

ஸ்டவாங்கருக்கு வரலன்னு எழுதிப் போட்டுட்டேன்.

திங்கக்கிழமை என்னை விடறாங்க. அன்னைக்கு மத்தியானமே கடைசி பஸ்ஸைப் பிடிச்சு வந்துடலாம். அதுல வரமாட்டேன். டவுன்லயே ஒரு ராத்திரி தங்கிட்டு செவ்வாய்க்கிழமை உன் பஸ்ஸுல ஏறறேன், ஓட்வார் கால் பயிற்சி முடிச்சுட்டுத் திரும்பற பஸ்ல. முதல் சீட்டுல அவர் பக்கத்துல யாரையும் உட்கார விடாதே. கண்ணாடியில எங்களையே பாத்துக்கிட்டு வண்டியைப் பள்ளத்துல விட்டுடாதே.

கம்பளியைப் பிரிச்சுடு. பட்டையைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்து வை.

யூஸ்தைன்